பதினாறு எழுத்துக்குள் ஒரு கோள்

நல்லசிவத்துக்கு ஆகாயத்தில் ஒரு கல் பாத்தியப்பட்டது என்று தெரிய வந்த அன்று உஸ்மான் ரோட்டில் ஆடித் தள்ளுபடி. பாத்தியம் என்றால் பட்டா, சிட்டா என்று நினைத்துவிடக் கூடாது. பெயர் வைக்கிற உரிமை, அவ்வளவுதான். ஆனால் சொந்தப் பேரனுக்குப் பெயர் வைக்கும் உரிமையையே சம்பந்தி வீட்டாரிடம் பறிகொடுத்த மனிதருக்கு அது சின்ன விஷயம் இல்லை.

தி. நகரில் ஒரு பெரிய ஜவுளிக் கடையில் பட்டுப் பிரிவில் முப்பத்தொரு வருஷமாக நிற்கிறவர் அவர். அங்கே உட்கார வழியில்லாததால் 'நிற்கிறவர்' என்று சொல்வதுதான் சரி. மற்றவர்கள் சேலையைப் பார்த்தால் சேலை தெரியும். இவருக்கு அதில் பிசகிய ஒற்றை இழை தெரியும். அந்தக் கண்ணால் கடைக்கு லாபமோ இல்லையோ, வானத்துக்கு ஒரு லாபம் வந்து சேர்ந்தது.

பெரிய தொலைநோக்கிகள் எடுத்த படங்களை இணையத்தில் போட்டு, 'கண் இருக்கிறவர்கள் எல்லோரும் பாருங்கள்' என்று விட்டுவிடுகிற ஏற்பாடு ஒன்று உலகத்தில் இருக்கிறது. ஒரே துண்டு வானம். சில நிமிஷ இடைவெளியில் நாலு படம். நட்சத்திரங்கள் போட்டது போட்டபடி கிடக்கும். ஒரு புள்ளி மட்டும் இடம் மாறினால் அது சூரியனைச் சுற்றுகிற சிறுகோள். மேற்கு மாம்பலத்தில் நல்லசிவம் வீட்டுச் சந்து முனையில் பிரவுசிங் சென்டர் வைத்திருக்கும் அம்மாள்தான் இதை அவருக்குக் காட்டிக் கொடுத்தவள். ஆதாரில் முகவரி மாற்றப் போன இடத்தில் சர்வர் படுத்துவிட்டது. சும்மா உட்கார்ந்திருக்கிறாரே என்று இந்தப் படங்களைத் திறந்துவிட்டாள். அன்றிலிருந்து ஆறு வருஷம், வாராந்தர விடுமுறை ஒவ்வொன்றையும் நல்லசிவம் அங்கே வானத்தில் கழித்தார். 'அடுத்த வீட்டு ஆம்பளைங்க சீட்டாடப் போறாங்க, இவரு புள்ளி பாக்கப் போறாரு' என்று மனைவி புஷ்பம் தெருவில் சொல்லிக்கொண்டாள். அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

ஒரு நாள் கண் வலித்து அவர் கண்ணாடியைக் கழற்றிய நேரம், டீ வைக்க வந்த அம்மாள் திரையைப் பார்த்தாள்.

"இன்னாண்ணே, கண்ண கசக்கிக்கினு கீற? அந்தப் புள்ளி நவுருது பாரு."

நகர்ந்தது. நல்லசிவம் தன் கணக்கில், தன் பெயரில் எழுதி அனுப்பினார். வருஷக்கணக்கில் பெரிய தொலைநோக்கிகள் அதைப் பின்தொடர்ந்து, பாதை உறுதியாகி, அதற்கு ஒரு நிரந்தர எண்ணும் கொடுத்து, இப்போது மெயில் வந்துவிட்டது. கண்டுபிடித்தவர் என்ற முறையில் பத்து வருஷத்துக்குள் நீங்கள் பெயர் முன்மொழியலாம். பதினாறு எழுத்துக்கு மேல் போகக் கூடாது, ஒரே சொல்லாக இருந்தால் நல்லது, விளம்பரம் கூடாது, அரசியல்வாதி என்றால் செத்து நூறு வருஷம் ஆகியிருக்க வேண்டும்.

மெயிலைப் படித்துச் சொன்னவளும் அவளே. கண்டது அவள்; ஏட்டில் ஏறியது இவர் பெயர். 'அதுக்கு இவ பேரையே வச்சுரணும்' என்று அந்த நிமிஷமே நல்லசிவம் முடிவு செய்தார். செய்தபிறகுதான் ஓர் அசிங்கம் புரிந்தது. ஆறு வருஷமாக இவள் கையால் டீ குடித்திருக்கிறார். சந்து முழுவதும் 'ஜெராக்ஸ் அக்கா' என்கிறது. இவரும் 'ஏம்மா'வோடு நிறுத்திக்கொண்டவர்.

"ஏம்மா... உம் பேரு என்னம்மா?"

"எதுக்குண்ணே? அஸ்மத்துன்னிசா."

நல்லசிவம் கூசிப்போனார். இந்த ஊரில் பாதிப் பேருக்கு ரேஷன் கார்டிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் ஏற்றித் தந்தவள். அவள் பெயரை ஒருவரும் கேட்டதில்லை. அதை ஆகாயத்தில் ஏற்றாமல் விடுவதில்லை என்று அவர் வாய்விட்டே சொன்னார். அஸ்மத்துன்னிசா சிரித்து, "போ அண்ணே" என்று சொல்லிவிட்டு அடுத்த ஆளின் கைரேகையை வாங்கப் போனாள்.

அன்றே அங்கேயே உட்கார்ந்து எழுதி அனுப்பியிருந்தால் கதை இங்கே முடிந்திருக்கும். ஆனால் கெட்ட காலம், மாம்பலம் பேட்டைப் பத்திரிகையில் நாலு வரிச் செய்தி வந்துவிட்டது. நாலாம் நாள் பட்டுப் பிரிவுக்குள் பொன்னாடையோடு இரண்டு பேர் நுழைந்தார்கள்.

முன்னால் வந்தவர் அகிலத் தமிழ் வான்பெயர்ப் பேரவையின் தலைவர், வான்கலைச் செம்மல், கோள்நோக்குக் கொண்டல், மேடைமாமணி, முனைவர் சுப்பராமன். பின்னால் வந்தவர் செயலாளர், அறிக்கை அரசு வேம்பு. பேரவை தொடங்கி முப்பத்தேழு வருஷம் ஆகிறது. வானத்தில் உள்ளவற்றுக்குத் தமிழ்ப் பெயர் சூட்டுவது நோக்கம். பதினொரு குழு, மூன்று துணைத் தலைவர்கள், ஆண்டு மலர் எல்லாம் உண்டு. பெயர் சூட்ட ஒரு கோள் மட்டும் இதுவரை அகப்படவில்லை. சும்மா இருக்க வேண்டாமே என்று தங்கள் கூட்ட அறைக்கே ஒரு முறை பெயர் சூட்டிக்கொண்டார்கள்.

கல்யாணப் பட்டு எடுக்க வந்த ஒரு குடும்பம் காத்திருக்க, சுப்பராமன் பொன்னாடையைப் போர்த்திவிட்டுப் பதினைந்து நிமிஷம் பேசினார். பிறகு குரலைத் தாழ்த்தினார்.

"நீங்க நேரா ஏதும் அனுப்பிடலையே?"

"இல்லீங்கய்யா. நாளைக்கு அனுப்பலாம்னு..."

"நல்லவேளை! தனி மனுஷா நேரா எழுதினா வெளிநாட்டுக்காரா பிரிச்சே பார்க்க மாட்டா. முறையான வழியில போகணும். அந்த முறையான வழிதான் நாங்க."

'முறையான வழி' என்ற சொல்லுக்கு நல்லசிவம் கட்டுப்பட்டவர். லீவு கேட்பதானாலும் பிரிவு மேலாளர், மாடி மேலாளர், பொது மேலாளர் என்று படியேறிப் பழகியவர். வேம்பு நீட்டிய அதிகாரமளிப்புக் கடிதத்தில், மடித்து வைத்த காஞ்சிப் பட்டின் மேலேயே வைத்துக் கையெழுத்துப் போட்டார். அன்று மாலை கதையைக் கேட்ட அஸ்மத்துன்னிசா பிரிண்டரில் சிக்கிய பேப்பரை உருவிக்கொண்டே கேட்டாள்.

"மெயில்ல உன்னைய தானண்ணே கேட்டுகீறாங்க. இவுங்க யாரு நடுவுல?"

"அப்படி இல்லம்மா. எதுக்கும் முறைன்னு ஒண்ணு இருக்குல்ல."

அவள் பிரிண்டரை மூடினாள். முறைகளைப் பற்றி அவளுக்கு அவரைவிடக் கொஞ்சம் கூடுதலாகவே தெரியும்.

மயிலாப்பூர் கச்சேரி ரோட்டில் முதல் மாடியில் பேரவை அலுவலகம். விண்ணப்பம் பதினான்கு பக்கம், மூன்று பிரதி. கோளின் தற்போதைய பெயர் என்ற இடத்தில் 'இனிமேல்தான்' என்றும், சூட்ட விரும்பும் பெயர் என்ற இடத்தில் 'அஸ்மத்துன்னிசா' என்றும் எழுதினார். தகப்பனார் பெயர் என்ற இடத்தில் யோசித்து 'சூரியன்' என்று எழுதினார். 'காப்பாளரா, பெற்றவரா என்று தெளிவாகக் குறிப்பிடவும்' என்று வேம்பு பென்சிலால் எழுதித் திருப்பித் தந்தார். முகவரிக்கு 'செவ்வாய்க்கும் வியாழனுக்கும் நடுவில்' என்று எழுதியதில் பெரிய சிக்கல் வந்தது.

"நடுவுலன்னா? போஸ்ட்மேன் எப்படிக் கண்டுபிடிப்பான்? கதவு எண் வேணும். பழைய எண், புதிய எண் ரெண்டும்."

ஆச்சரியம் என்னவென்றால், அந்தக் கேள்விக்கு மட்டும் நல்லசிவத்திடம் சரியான பதில் இருந்தது. கண்டுபிடித்த புதிதில் கொடுத்த தற்காலிக எண் ஒன்று, இப்போது வந்த நிரந்தர எண் ஒன்று. இரண்டையும் எழுதினார். சென்னை மாநகராட்சியின் நடைமுறை அவ்வளவு தூரம் பரவியிருப்பதில் வேம்புவுக்கு மனசு நிறைந்தது. அந்த மகிழ்ச்சியில், அக்கம்பக்கத்துக் கோள்களிடம் ஆட்சேபணையில்லாச் சான்று வாங்கும் விதியை இந்த ஒரு முறை தளர்த்திக்கொண்டார்.

அடுத்து ஜாதகம். பெயரின் முதல் எழுத்து பிறந்த நட்சத்திரத்தைப் பொறுத்தது அல்லவா? கோள் எந்த நட்சத்திரத்தில் பிறந்தது என்று ஜாதகத் துணைக் குழு கேட்டது. அது பிறந்து நானூறு கோடி வருஷத்துக்கு மேல் இருக்கும் என்றார் நல்லசிவம். "காலையா, சாயங்காலமா?" என்றது குழு. கடைசியில் மெயில் வந்த நேரத்தைப் பிறந்த நேரமாக வைத்துக் கணித்தார்கள். கோளுக்கு ஏழரைச் சனி நடக்கிறது என்று தெரிந்தது. செவ்வாய் தோஷமும் இருந்தது. பக்கத்து வீட்டிலேயே குடியிருந்தால் வேறு எப்படி இருக்கும்?

பதினொரு குழுவுக்கும் தலைவர் சுப்பராமன்தான், செயலாளர் வேம்புதான் என்பதை நல்லசிவம் மூன்றாவது குழுவில் கண்டுகொண்டார். ஆனால் எல்லாம் ஒன்று என்று சொல்லிவிட முடியாது. ஜாதகக் குழுவுக்கு ஜன்னலோர நாற்காலி. பரிசீலனைக் குழுவுக்குப் பீரோ பக்கத்து நாற்காலி. ஜன்னலோரச் சுப்பராமன் பரிந்துரைத்து ஒரு கடிதம் எழுதுவார். அது பீரோவோரச் சுப்பராமனை அடைய மூன்று வாரம் ஆகும். அந்த மூன்று வாரமும் இரண்டு நாற்காலிக்காரர்களும் அந்த விஷயத்தைப் பற்றித் தங்களுக்குள் பேசிக்கொள்ள மாட்டார்கள். அது நாகரிகம்.

பீரோவோரத்துக்குக் கடிதம் வந்து சேர்ந்த அன்று சுப்பராமன் முதன்முறையாகப் பெயரைப் படித்தார்.

"அஸ்மத்துன்னிசா. யாரு இவா? கவிஞரா, விஞ்ஞானியா?"

"எங்க சந்துல பிரவுசிங் சென்டர் வச்சிருக்காங்கய்யா. அந்தப் புள்ளியை முதல்ல பாத்தது அவங்கதான்."

"இருக்காளா?"

"எங்கய்யா?"

"உயிரோட இருக்காளான்னு கேட்டேன்."

"நல்லாவே இருக்காங்கய்யா."

சுப்பராமன் முகம் வாடியது. "அதுதானே கஷ்டம். நூறு வருஷம் ஆகணும்னு விதி."

அது அரசியல்வாதிகளுக்கு என்று நல்லசிவம் மெல்லச் சொன்னார். இவள் அரசியலில் இல்லை என்பதற்கு அத்தாட்சி என்ன, உயிரோடு இருக்கிறாள் என்பதற்குத்தான் அத்தாட்சி என்ன என்று வேம்பு கேட்டார். பென்ஷன்காரர்கள் கொடுப்பது போல லைஃப் சர்டிபிகேட் வேண்டுமாம். மாம்பலத்துப் பெரியவர்களுக்கெல்லாம் அதை எடுத்துத் தருகிற அஸ்மத்துன்னிசா, தான் உயிரோடு இருப்பதாகத் தனக்கே ஒரு விண்ணப்பம் தட்டி, சந்து டாக்டரிடம் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாள். குழு அதைக் கூர்ந்து பார்த்தது. சான்றிதழ் செல்லும் என்று ஏற்றது. ஆகவே இந்த அம்மாள் உயிரோடு இருப்பது ஐயமற நிரூபணமாகிவிட்டதால் பெயர் சூட்டத் தகுதியில்லை என்று தீர்மானம் போட்டது.

நல்லசிவம் முதன்முறையாகக் குரலை உயர்த்தினார். "அப்போ அந்தக் கோளுக்கு யாரு பேருய்யா வைக்கப் போறீங்க?"

"பதட்டப்படாதீங்கோ. அதுக்குத்தான் பெயர்த் தேர்வுக் குழு இருக்கு" என்று சொல்லிக்கொண்டே சுப்பராமன் எழுந்து நடு நாற்காலிக்கு மாறினார். நடு நாற்காலிச் சுப்பராமனுக்குத் தயக்கமே இல்லை. அவருடைய பாட்டனார் பஞ்சாங்கக் கணிதத்தில் கரை கண்டவர், மகாமகோபாத்யாய சுந்தரராமனார். செத்து நூற்றுமூன்று வருஷம் ஆகிறது. அரசியல்வாதி என்று வைத்தாலும் சரி, வைக்காவிட்டாலும் சரி, எந்த விதியும் அவரைத் தொட முடியாது.

வேம்பு ஆங்கில எழுத்தில் எழுதி விரல் விட்டு எண்ணினார். 'மகாமகோபாத்யாய' என்ற பட்டம் மட்டுமே பதினாறு எழுத்து. இன்னொரு முறை எண்ணினார்.

"அண்ணா, பதினாறு! மிச்சமும் இல்லை, குறையும் இல்லை. தெய்வ சங்கல்பம்!"

"பதினாறும் பெற்றுப் பெருவாழ்வு வாழ்கன்னு பெரியவா சும்மாவா சொன்னா?" என்றார் சுப்பராமன். கண் கலங்கியிருந்தது.

"அப்போ பாட்டனார் பேருக்கு இடம் எங்கய்யா?" என்றார் நல்லசிவம்.

வேம்பு சுந்தரராமனாரைச் சேர்த்து எண்ணிப் பார்த்து, விரல் போதாமல் கையை மடியில் வைத்துக்கொண்டார்.

"பட்டத்தை எடுத்துட்டு, பேரை மட்டும் போடலாமே" என்று நல்லசிவம் யோசனை சொன்னார். பாவம், உதவி செய்வதாகத்தான் நினைத்தார்.

சுப்பராமன் காதைப் பொத்திக்கொண்டார். "பட்டம் இல்லாம வெறும் பேரா? எங்க தாத்தா என்ன, முச்சந்தியில ஜெராக்ஸ் எடுத்துண்டு உட்கார்ந்திருந்தாரா? பட்டத்தை யார் வேணும்னாலும் எடுத்துட முடியாது, நல்லசிவம். பேர் வேணும்னா எடுக்கலாம். பேர் எல்லார்கிட்டயும் இருக்கு."

அப்படியே தீர்மானமாயிற்று. கோளின் பெயர் 'மகாமகோபாத்யாய'. யார் என்ற கேள்வி அடுத்த பொதுக்குழுவுக்கு ஒத்தி வைக்கப்பட்டது. நல்லசிவத்தின் அதிகாரமளிப்புக் கடிதம் மேலே, பதினான்கு பக்கமும் ஜாதகமும் கீழே வைத்து, பதிவுத் தபாலில் வானியலாளர்களின் உலக அமைப்புக்குப் போயிற்று. மின்னஞ்சலில் மை இல்லை என்பதால் பேரவை அதை ஏற்பதில்லை.

நல்லசிவம் கச்சேரி ரோட்டிலிருந்து மாம்பலம் வரை பஸ் ஏறாமல் நடந்தே வந்தார். முப்பத்தொரு வருஷத்தில் வாடிக்கையாளர் மேல்கூட இவ்வளவு கோபம் வந்ததில்லை. அதில் பாதி தன் மேலேயே வந்த கோபம். யாரிடமும் கேட்காமல் கையெழுத்துப் போட்டவர் அவர்தானே. பிரவுசிங் சென்டரில் போய் விழுந்தாற்போல் உட்கார்ந்தார்.

"அந்த மெயிலைத் தெறம்மா. நேரா அனுப்ப என்னென்ன வேணும்னு பாரு."

அவள் திறந்தாள். பெயர் ஒரு கட்டம். எப்படி உச்சரிப்பது என்று ஒரு கட்டம். யார், ஏன் என்று மூன்று நாலு வரி எழுத ஒரு கட்டம். அதற்குக் கீழே இறக்கிப் பார்த்தார், ஒன்றும் இல்லை. தகப்பனார் இல்லை, கதவு எண் இல்லை, சனியும் இல்லை, செவ்வாயும் இல்லை.

"இவ்வளவுதானா?"

"இவ்ளோதாண்ணே. நான் அன்னிக்கே சொல்லலாம்னுதான் பாத்தேன். நீ முறை முறைன்னு சந்தோசமா போய்க்கினு இருந்தியா..."

"டைப் அடி."

"நான் அடிக்க மாட்டேன்." முதன்முறையாக அவள் குரல் கெட்டிப்பட்டது. "ஊருக்கெல்லாம் பேரு ஏத்தறேன். என் பேர நானே ஏத்திக்கினா அது பேரா? வேணும்னா நீ அடி. வேணாம்னா வுட்டுடு."

நல்லசிவம் ஒற்றை விரலால் அடித்தார். ஆங்கிலத்தில் அவருக்குத் தெரிந்ததெல்லாம் கடைப் பில்லில் உள்ளதுதான். 'அந்தப் புள்ளி நகர்வதை முதலில் பார்த்தவர். மேற்கு மாம்பலத்தில் மற்றவர்களுக்கு விண்ணப்பம் எழுதித் தருகிறவர்' என்று அவர் தமிழில் சொல்லச் சொல்ல, எதிர் மேஜையில் ஹால் டிக்கெட் எடுக்க வந்திருந்த ஒரு காலேஜ் பெண் ஆங்கிலமாக்கிக் கொடுத்தாள். முடிக்க இருபத்திரண்டு நிமிஷம் ஆனது. அதில் பதினெட்டு, எழுத்துகளைத் தேடியதில் போனது.

அனுப்பிய பிறகுதான் பயம் பிடித்தது. அங்கே இரண்டு தாள் இருக்கும். ஒன்று மூன்று வரி. இன்னொன்று முத்திரை குத்திய பதினான்கு பக்கம், இவர் கையெழுத்தோடு. எது ஜெயிக்கும் என்று முப்பத்தொரு வருஷ அனுபவம் அவருக்குச் சொல்லிற்று. மாதங்கள் ஓடின. பதில் வந்ததா என்று தினம் கேட்பார். "சர்வர் இல்லண்ணே, வானம். மெதுவாத்தான் வரும்" என்பாள் அவள்.

அதற்குள் பேரவை விழா வைத்துவிட்டது. பங்குனித் தேர் முடிந்த மறு ஞாயிறு, மயிலாப்பூரில் ஒரு சபா அரங்கில் 'கோளுக்குப் பெயர் சூட்டும் பெருவிழா'. அழைப்பிதழில் சுப்பராமனின் பட்டங்கள் முதல் பக்கத்தில் ஆரம்பித்து இரண்டாம் பக்கத்தில் அவர் பெயரைப் போய்ச் சேர்ந்தன. கண்டுபிடித்தவர் என்ற முறையில் நல்லசிவம் மேடையேற வேண்டும். போகாமலிருக்க அவருக்குத் தைரியமில்லை. தனியாகப் போகவும் தைரியமில்லை. கடையை மூடிக்கொண்டு அஸ்மத்துன்னிசா கூட வந்தாள். "ஏசி ஹாலு தானண்ணே, குந்திக்கினு இருக்கேன்" என்று சொல்லி ஆறாவது வரிசையில் புஷ்பத்தின் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

மேடையில் வெள்ளித் தொட்டில் கட்டியிருந்தது. அதற்குள் கோள். சிறுகோள்கள் உருளைக்கிழங்கு வடிவில் இருக்கும் என்று வேம்பு எங்கேயோ படித்திருந்ததால், வடக்கு மாட வீதியில் பொறுக்கி எடுத்த அரைக் கிலோ உருளைக்கிழங்கு ஒன்று பட்டுத் துணியில் கிடந்தது, மையிட்டு, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டோடு. நிர்வாகிகள் ஒவ்வொருவராக வந்து காதில் மூன்று முறை பெயரைச் சொன்னார்கள். காது எந்தப் பக்கம் என்பதில் இரண்டு துணைத் தலைவர்களுக்குள் மனஸ்தாபம் வந்தது. எல்லோரும் 'மகாமகோபாத்யாய' என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் காதோடு சொல்வதை யார் கண்டது? வேம்புவின் கெட்ட நேரம், சட்டையில் மைக் இருந்தது. "வேம்பு, வேம்பு, வேம்பு" என்று அரங்கம் முழுக்கக் கேட்டது.

அடுத்த நிகழ்ச்சி, வாழ்த்துச் செய்தி வாசித்தல். முந்தைய நாள்தான் உலக அமைப்பிலிருந்து உறை வந்திருந்தது. தலைவர் பிரிக்காத கடிதத்தைச் செயலாளர் பிரிக்கக் கூடாது என்பது விதி. தலைவரோ, மேடையில் பிரிப்பதுதான் அழகு என்று வைத்திருந்தார். தொகுப்பாளர் ஷ்ரேயா, கான்வென்ட்டில் படித்த பெண், ஆங்கிலத்தில் ஒவ்வொரு வரியாக வாசிக்க, சுப்பராமன் தமிழாக்கம் செய்வதாக ஏற்பாடு. மேடையில் நின்ற நல்லசிவம், போர்த்தியிருந்த பொன்னாடையில் கையைத் துடைத்துக்கொண்டார்.

உங்கள் கடிதம் கிடைத்தது என்று வாசித்தாள் ஷ்ரேயா.

"நம் மடல் கண்டு அவர்கள் பேருவகை எய்தியிருக்கிறார்கள்!" என்றார் சுப்பராமன். கைதட்டல்.

உங்களைப் போன்ற ஓர் அமைப்பு இருப்பதை நாங்கள் இதுவரை கேள்விப்பட்டதில்லை.

"நம்மைப் போன்ற ஓர் அமைப்பை அவர்கள் கேள்விப்பட்டதே இல்லையாம்!" பலத்த கைதட்டல்.

சிறுகோளுக்குப் பெயர் முன்மொழிவதில் உங்கள் அமைப்புக்கு எந்தப் பங்கும் கிடையாது. அது கண்டுபிடித்தவரின் உரிமை.

சுப்பராமன் ஒரு கணம் நின்றார். அவரும் மேடைமாமணி அல்லவா? "இதில் நம் பேரவையின் பங்கு சொல்லில் அடங்காது என்கிறார்கள்!"

ஒரு பட்டத்தை மட்டும் பெயராக ஏற்க இயலாது.

"மகாமகோபாத்யாய என்ற நாமம் ஒரு கல்லுக்குள் அடங்காத அளவு உயர்ந்தது என்று வியக்கிறார்கள்!" சுப்பராமன் கடிதத்தை வாங்கக் கையை நீட்டினார். ஷ்ரேயா அதைச் சபாஷ் போடுவதாக எடுத்துக்கொண்டு, குரலை உயர்த்திக் கடைசி வரிகளை வாசித்தாள். மேற்படி சிறுகோளுக்கு, கண்டுபிடித்த நல்லசிவம் நேரடியாக முன்மொழிந்த பெயர் ஏற்கப்பட்டு, அறிவிப்பும் வெளியாகிவிட்டது. அந்தப் பெயர், என்று தொடங்கித் தடுமாறி, எழுத்துக் கூட்டி, "அஸ்மத்துன்னிசா" என்றாள். சரியாக வந்ததா என்று சந்தேகப்பட்டு, "அஸ்மத்துன்னிசா" என்று இன்னொரு தடவை சொன்னாள். பின்வரிசையில் யாரோ 'சரியா கேக்கலை' என்றார்கள். "அஸ்மத்துன்னிசா!"

அரங்கம் சுப்பராமனைப் பார்த்தது. பேருவகை, பங்கு, உயர்வு என்று எதையும் எப்படியும் புரட்டிவிடலாம். பெயரை எப்படிப் புரட்டுவது? முப்பத்தொரு வருஷம் எதையும் பிடிக்காமல் நின்ற நல்லசிவம், தொட்டிலின் கம்பத்தைப் பிடித்துக்கொண்டார்.

ஆனால் மேடைமாமணி என்ற பட்டம் சும்மா கொடுத்ததில்லை. அரை நிமிஷத்தில் சுப்பராமன் தேறினார். "நம் பேரவையின் முயற்சியால் இன்று விண்ணேறியிருக்கும் அந்த அம்மையார் அரங்கில் இருக்கிறாரா?" என்று முழங்கினார்.

புஷ்பம் இடித்த இடியில் அஸ்மத்துன்னிசா எழுந்தாள். உடனே போய்விடலாமா என்பது போல வாசல் பக்கம் பார்த்தாள். பிறகு புடவைத் தலைப்பைத் தலைமேல் சரி செய்துகொண்டு, யாரையும் பார்க்காமல் மேடைக்கு நடந்தாள். வேம்பு பொன்னாடையை உதறிப் பிரித்தார். சுப்பராமன் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, இவள் பக்கம் குனிந்து ரகசியமாகக் கேட்டார்.

"உங்களுக்கு என்ன பட்டம் போட்டுச் சொல்லட்டும்? சமூகச் சுடர்? சேவைச் செம்மல்? எதையாவது சொல்லுங்கோ, சீக்கிரம். வெறும் பேரை எப்படி மைக்குல சொல்றது?"

"மேல அப்பிடித்தான் எழுதிக்கீது சார்" என்றாள் அவள். "அதையே சொல்லு."

சுப்பராமன் திரும்பி வேம்புவைப் பார்த்தார். வேம்பு கையிலிருந்த பொன்னாடையைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் தலைவரின் வாய் ஏதோ ஒரு செம்மலை நோக்கிக் குவிந்து, ஒன்றும் அகப்படாமல் நின்றது. அரங்கம் காத்திருந்தது. கடைசியில் அவர் சொன்னார்:

"அஸ்மத்துன்னிசா."

முப்பத்தேழு வருஷத்தில் அந்தப் பேரவையின் மைக்கில் முன்னாலும் பின்னாலும் ஒன்றும் இல்லாமல் வந்த முதல் பெயர் அதுதான். யார் முதலில் கைதட்டினார்கள் என்று நல்லசிவத்துக்குத் தெரியாது. அவர் வெட்கப்படாமல் அழுதுகொண்டிருந்தார்.